சென்சார் மாற்றியும் செக் என்ஜின் விளக்கு அணையவில்லையே!

வாசகி ஒருவர் தன் குடும்பக் காரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பெயர், ஊர், கார் மாடல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

ஒன்பது வருடம் ஓடிய 1.5 லிட்டர் பெட்ரோல் கார். பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, வேலைக்குப் போவது, மாமனார் மாமியாரை மருத்துவமனைக்கு அழைத்துப் போவது எல்லாம் இதில்தான். நாலு மாதத்துக்கு முன்பு வழக்கமான சர்வீஸுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆயிலும் ஏர் ஃபில்டரும் மாற்றப்பட்டன. அதற்கப்புறம் இரண்டு மூன்று வாரத்தில் செக் என்ஜின் விளக்கு எரிய ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் என்ஜின் உதறுகிறது, சூடேறியதும் கொஞ்சம் அடங்குகிறது. சிக்னலில் நிற்கும்போது ஆர்.பி.எம். முள் ஏறி இறங்கி ஆடுகிறது. நெடுஞ்சாலையில் ஒரு குறையும் இல்லை, ஓவர்டேக் செய்யும்போதுகூட நன்றாக இழுக்கிறது.

ஸ்கேனரில் வந்த கோடு (code, அதாவது பிழைக் குறியீடு) பி0171. மிக்சர், அதாவது காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை, லீனாக (பெட்ரோல் குறைவாக) இருக்கிறது என்பது அதன் பொருள். மெக்கானிக் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றினார். பத்து நாள் விளக்கு எரியவில்லை, அப்புறம் வந்துவிட்டது. ஸ்பார்க் பிளக்குகளை மாற்றி, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைச் சுத்தம் செய்தார், மறுபடியும் வந்தது. இப்போது “ஃப்யூயல் பம்ப்பாக இருக்கும், அதுவும் இல்லையென்றால் ஈ.சி.யூ. போயிருக்கும்” என்கிறார். ஈ.சி.யூ. என்பது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர். கணவரோ, கோடை அழித்துவிட்டு டேங்கில் ஒரு பாட்டில் அடிட்டிவ் ஊற்றி ஓட்டலாம் என்கிறார். கார்புரேட்டர் வண்டிகளோடு வாழ்ந்த மாமனார், “மிக்சர் திருகை அரைச் சுற்று திருப்பச் சொல்லும்மா. லீனாக ஓடினால் பெட்ரோல் மிச்சம்தானே, இதற்கு ஏன் இவ்வளவு கவலை?” என்று கேட்டிருக்கிறார். பானெட்டைத் திறந்தால் “ஸ்ஸ்ஸ்” என்று ஏதோ சத்தம் கேட்கிறது என்றும் அவர்தான் சொல்லியிருக்கிறார். மெக்கானிக் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போன வாரம் பிள்ளைகள் பின்சீட்டில் இருக்க, சிக்னலில் என்ஜின் ஒருமுறை நின்றேவிட்டது.

“மெக்கானிக் ஏமாற்றுகிறாரா? இந்தக் காரை ஓட்டுவது ஆபத்தா? பேசாமல் விற்றுவிடலாமா?” இவைதான் அவருடைய கேள்விகள். ஸ்கேனர் எடுத்த தாளின் படத்தையும் இணைத்திருக்கிறார். பெரும்பாலானவர்கள் அனுப்பாத ஒன்று அது.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால், நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சோதித்துவிடுங்கள்.

பிரேக்கைப் பாருங்கள்

என்ஜின் உள்ளிழுக்கும் காற்றினால் உண்டாகும் வெற்றிடத்தைக் கொண்டுதான் உங்கள் பிரேக் பூஸ்டர், அதாவது பெடலை மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பாகம், வேலை செய்கிறது. இன்டேக் பக்கம், அதாவது என்ஜினுக்குள் காற்று போகும் வழியில், எங்கோ காற்று கசிகிறது என்று நான் சந்தேகப்படுகிறேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அந்தக் கசிவு பிரேக் பூஸ்டரிலோ அதற்குப் போகும் ஹோஸிலோ இருந்தால், இது செக் என்ஜின் விளக்குப் பிரச்சினை என்ற அளவைத் தாண்டிவிடுகிறது.

சோதனை எளிது. என்ஜினை அணைத்துவிட்டு பிரேக் பெடலை நாலைந்து முறை மிதியுங்கள், அது கெட்டியாகிவிடும். காலை எடுக்காமல் அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காமல் கல் மாதிரி நின்றால் காரை எடுக்காதீர்கள், வேறு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அப்புறம், என்ஜின் ஓடும்போது பிரேக்கை அழுத்தினால் டேஷ்போர்டுக்குக் கீழிருந்து காற்று சீறும் சத்தம் வருகிறதா, ஆர்.பி.எம். மாறுகிறதா என்றும் கவனியுங்கள். மாறினால் தேட வேண்டிய இடம் அங்கேயே தெரிந்துவிட்டது.

‘லீன்’ என்று சொல்வது யார்?

ஒரு கிராம் பெட்ரோல் முழுசாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். இந்த விகிதத்தில் காற்று கூடினாலோ பெட்ரோல் குறைந்தாலோ மிக்சர் லீன். எக்ஸாஸ்ட் குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார், எரிந்து வெளியே வரும் புகையில் ஆக்ஸிஜன் மிச்சமிருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. அதற்குப் பெட்ரோலைப் பற்றி எதுவும் தெரியாது. மிச்சமிருந்தால் ஈ.சி.யூ. இன்ஜெக்டரைக் கொஞ்சம் கூடுதல் நேரம் திறந்து பெட்ரோலைக் கூட்டுகிறது. இப்படிக் கூட்டுவதையும் குறைப்பதையும் சதவீதமாகக் காட்டுவதுதான் ஃப்யூயல் ட்ரிம். அந்தந்த நொடிக்குச் செய்வது ஷார்ட் டேர்ம், பழகிப்போய் நினைவில் வைத்துக்கொண்டது லாங் டேர்ம். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் நல்ல நிலையில் உள்ள காரில் பூஜ்யத்தை ஒட்டி, கூடக் குறைய 5 சதவீதத்துக்குள் இருக்கும். 10 வரை போனாலும் பொறுத்துக்கொள்ளலாம். 20, 25 என்று ஏறினால், “இதற்கு மேல் என்னால் ஈடுகட்ட முடியாது” என்று ஈ.சி.யூ. கோடைப் போட்டு விளக்கை ஏற்றுகிறது.

ஆகவே பி0171 என்பது ஒரு புகார். எந்தப் பாகம் கெட்டது என்று அது சொல்வதில்லை. உங்கள் மெக்கானிக் செய்தது, காய்ச்சல் காட்டிய தெர்மாமீட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கியது போல. புது சென்சாரும் பழையது சொன்னதையேதான் சொல்கிறது. ஒரு விதத்தில் அந்தச் செலவிலும் ஒரு பயன் உண்டு: இரண்டு சென்சார்கள் ஒரே மாதிரி சொல்வதால், சென்சாரை இனி சந்தேகிக்க வேண்டியதில்லை. இதையே செலவில்லாமலும் தெரிந்துகொண்டிருக்கலாம். இன்டேக்கில் கொஞ்சம் புரொப்பேன் வாயுவைக் காட்டினால், நல்ல சென்சாரின் வோல்டேஜ் 0.8-க்கு மேல் துள்ளி ஏறும். வாயுவை எடுத்தால் 0.2-க்குக் கீழே விழும். அவ்வளவுதான் சோதனை.

பத்து நாள் விளக்கு எரியாமல் இருந்ததே என்று கேட்பீர்கள். சென்சார் மாற்றியதும் கோடை அழித்திருப்பார். அப்படி அழித்தால் பெரும்பாலான கார்களில் லாங் டேர்ம் ட்ரிம்மும் பூஜ்யத்துக்குப் போய்விடும். ஈ.சி.யூ. முதலிலிருந்து கற்றுக்கொண்டு, மறுபடி எல்லையைத் தொட்டு, அதையும் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் உறுதி செய்துகொண்ட பிறகுதான் விளக்கை ஏற்றும். அந்த இடைவெளியைத்தான் எல்லோரும் “சரியாகிவிட்டது” என்று நினைத்துவிடுகிறோம். உங்கள் கணவரின் யோசனையும் இந்த இடைவெளியைத்தான் வாங்கித் தரும், வேறொன்றும் தராது.

அந்தத் தாளில் இருப்பது

நீங்கள் அனுப்பிய தாளில் எனக்கு முக்கியமாகப் பட்டது நாலு வரிகள். ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டரைத் தொடாமல் என்ஜின் சும்மா ஓடும்போது) ஷார்ட் டேர்ம் 7, லாங் டேர்ம் 18, ஆக மொத்தம் 25 சதவீதம் கூடுதல். 2,500 ஆர்.பி.எம்.மில் இரண்டும் சேர்த்து வெறும் 6. உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார் காட்டுவது ஐடிலிங்கில் நொடிக்கு 2 கிராம், 2,500-ல் நொடிக்கு 8 கிராம். இந்த எண்களை யாராவது ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்த்திருந்தால் சென்சாரும் பிளக்கும் வாங்கியிருக்க வேண்டாம்.

ஏனென்று சொல்கிறேன். ஏர் ஃப்ளோ சென்சார் ஃபில்டர் பெட்டியை ஒட்டி இருக்கிறது. அதன் வழியாக வரும் காற்று மட்டும்தான் கணக்கில் வரும். அதைத் தாண்டி எங்காவது ஓட்டை இருந்தால், கணக்கில் வராத காற்று உள்ளே நுழைகிறது. ஐடிலிங்கில் த்ராட்டில் (காற்று வழியைத் திறந்து மூடும் தகடு) கிட்டத்தட்ட மூடியிருப்பதால் உள்ளே வெற்றிடம் பலமாக இருக்கும், ஓட்டை காற்றை நன்றாக உறிஞ்சும். நொடிக்கு அரை கிராம் இப்படித் திருட்டுத்தனமாக உள்ளே வருகிறது என்று வையுங்கள். கணக்கில் உள்ள 2 கிராமுக்கு அது 25 சதவீதம். அதே அரை கிராம் 2,500 ஆர்.பி.எம்.மில் 8 கிராமுக்கு வெறும் 6 சதவீதம். உங்கள் தாளில் இருப்பதும் அதேதான். இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது அடிக்கடி நடக்காது, ஆனால் போக்கு எப்போதும் இப்படித்தான்: நின்றால் மோசம், ஓடினால் சரி.

ஃப்யூயல் பம்ப் பலவீனமானால் நேர் எதிராக இருக்கும். ஐடிலிங்குக்கு வேண்டிய பெட்ரோல் கொஞ்சம்தான், அதை நோஞ்சான் பம்ப்பும் கொடுத்துவிடும். மேட்டில் ஏறும்போதும், ஓவர்டேக் செய்யக் காலை அழுத்தும்போதும்தான் அது தோற்கும். ட்ரிம் அங்கேதான் ஏறும். உங்கள் காரோ நெடுஞ்சாலையில் நன்றாக இழுக்கிறது. பம்ப்பை மாற்றச் சொல்ல இந்தத் தாளில் ஒரு ஆதாரமும் இல்லை. ஈ.சி.யூ. போய்விட்டது என்பதற்கோ சுத்தமாக இல்லை. தன் வேலையை ஒழுங்காகச் செய்து, வரும் குறையைச் சதவீதக் கணக்கில் ஈடுகட்டிக்கொண்டிருக்கும் பெட்டி அது. பெட்ரோல் மோசமாக இருந்தாலும் இப்படி நின்றால் ஒன்று, ஓடினால் ஒன்று என்று இருக்காது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கு ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள கார்களுக்குத்தான். பல சிறிய கார்களில் அது கிடையாது. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மட்டும் இருக்கும். அதில் வெற்றிடம் கசிந்தால் உள்ளே நுழைந்த காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தே சென்சார் பார்த்துவிடுகிறது, ஈ.சி.யூ. அதற்கேற்ற பெட்ரோலையும் கொடுத்துவிடுகிறது. அதனால் லீன் கோடு வருவதைவிட ஐடிலிங் வேகம் இறங்காமல் உயர்ந்தே நிற்பதுதான் அங்கே அடையாளம்.

எங்கே தேட வேண்டும்

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியை நான் இரண்டு முறை படித்தேன்: சர்வீஸில் ஏர் ஃபில்டர் மாற்றினார்கள், இரண்டு மூன்று வாரத்தில் விளக்கு வந்தது. ஃபில்டர் பெட்டியைத் திறக்க, அதிலிருந்து த்ராட்டில் பாடிக்குப் போகும் தடித்த ரப்பர் குழாயை அசைக்க வேண்டியிருக்கும். பல கார்களில் கழற்றவே வேண்டும். ஒன்பது வருடம் என்ஜின் சூட்டில் வெந்த ரப்பர் அது. குழாயின் மடிப்புகளுக்குள், அதுவும் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில், விரிசல் விட்டிருக்கலாம். கிளாம்ப் சரியாக உட்காராமல் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டிருக்கலாம். அதே குழாயில் வந்து சேரும் சின்ன ஹோஸ் ஒன்றை மறுபடி மாட்ட மறந்திருக்கலாம்.

இதை நீங்களே பார்க்கலாம். என்ஜின் அணைந்து, நன்றாக ஆறிய பிறகு பானெட்டைத் திறங்கள். ஃபில்டர் பெட்டியிலிருந்து என்ஜினுக்குப் போகும் குழாயை இரண்டு கையாலும் பிடித்து வளைத்து, மடிப்புகளை விரித்துப் பாருங்கள். டார்ச் வெளிச்சத்தில் அடிப்பக்கத்தையும் பாருங்கள். கண் எட்டாத இடத்தில் விரலால் தடவிப் பாருங்கள். சும்மா கிடக்கும்போது விரிசல் வாயை மூடிக்கொண்டிருக்கும், வளைத்தால்தான் திறக்கும். என்ஜின் ஓடும்போது அது தன் மவுன்ட்டில் அசைவதால் அதே விரிசல் திறந்து மூடும். சிக்னலில் உங்கள் ஆர்.பி.எம். முள் ஆடுவதற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம்.

அடுத்தது பிசிவி ஹோஸ். என்ஜினின் அடிவயிற்றில் சேரும் ஆவியை மேனிஃபோல்டுக்குத் திருப்பி அனுப்பும் சின்னக் குழாய் அது. ஆயில் ஆவி பட்டுப் பட்டு ரப்பர் ஊறி, மெத்தென்று ஆகி, வளைவில் பிளந்துவிடும். ஆயில் ஊற்றும் மூடி சரியாக இறுகியிருக்கிறதா, டிப்ஸ்டிக் முழுசாக உள்ளே உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள், சில என்ஜின்களில் ஆயில் மாற்றும்போது விட்ட இந்தச் சின்ன இடைவெளியே லீன் கோடுக்குப் போதும். நாலு மாதத்துக்கு முன் உங்கள் காருக்கு ஆயிலும் மாற்றியிருக்கிறார்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தால், மேனிஃபோல்டின் இணைப்பை அடைக்கும் கேஸ்கெட்டின் மேல் சந்தேகம் போகும். காலைக் குளிரில் சுருங்கிக் கசியும், சூடேறினால் விரிந்து அடைத்துக்கொள்ளும். “காலையில் உதறல், சூடானால் அடங்குகிறது” என்று நீங்கள் எழுதியது இதோடும் ஒத்துப்போகிறது. பெட்ரோல் டேங்கின் ஆவியை என்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு மூடாமல் திறந்தே நிற்பது இன்னொரு சாத்தியம். அப்படியானால் பெட்ரோல் போட்ட உடனே ஸ்டார்ட் ஆகத் திணறும். நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை.

உங்கள் மாமனார் கேட்ட அந்த “ஸ்ஸ்ஸ்” சத்தம் ஐடிலிங்கில் காற்று உறிஞ்சும் சத்தமாகத்தான் இருக்க வேண்டும். அவருடைய காதை நம்புங்கள். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அவரையே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மிக்சர் திருகு யோசனையை அன்போடு மறுத்துவிடுங்கள், ஏனென்றால் இந்தக் காரில் அப்படி ஒரு திருகே கிடையாது. கார்புரேட்டரில் மனிதன் கையால் செய்ததை இங்கே ஈ.சி.யூ. நொடிக்கு நொடி செய்கிறது. பெட்ரோல் மிச்சமாகும் என்பதும் இங்கே செல்லாது. குறைந்ததை ஈ.சி.யூ. கூட்டிக் கொடுத்துவிடுகிறது, நீங்கள் லீனாக ஓட்டவே இல்லை. கூட்ட முடியாத எல்லையை அது தொட்டுவிட்டால் மிஸ்ஸிங் வரும், அதாவது சிலிண்டரில் மிக்சர் சரியாக எரியாமல் தவறும், அப்போது எரியாத பெட்ரோல்தான் வீணாக வெளியே போகும்.

மெக்கானிக்கிடம் என்ன கேட்பது

அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்ல மாட்டேன். கோடு சொல்லும் வாசகத்தைப் படித்து, அதற்குப் பக்கத்தில் வரும் பாகத்தை மாற்றுவது பரவலாக இருக்கும் பழக்கம். தேடுவதற்கு நேரம் ஆகும், தேடியதற்குக் கூலி கேட்டால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். பாகத்தை மாற்றினால் பில்லில் காட்ட ஒரு பொருள் இருக்கிறது. இதில் நம் பக்கத் தப்பும் கொஞ்சம் உண்டு. “கண்டுபிடிக்க மட்டும் எவ்வளவு?” என்று நீங்களே முதலில் கேளுங்கள். கண்டுபிடிப்பதற்கான கூலியைத் தனியாகக் கொடுக்கத் தயார் என்று சொன்னால் பேச்சின் தொனியே மாறிவிடும்.

கேட்க வேண்டியது ஸ்மோக் டெஸ்ட். என்ஜின் அணைந்திருக்கும்போது இன்டேக்குக்குள் மிகக் குறைந்த அழுத்தத்தில் புகையை அனுப்புவார்கள். எங்கே ஓட்டையோ அங்கே புகை சுருள் சுருளாக வெளியே வரும். உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம், பார்க்கிறேன் என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. காலையில்தான் உதறல் அதிகம் என்பதால், முந்தின நாள் இரவே காரை அங்கே விட்டுவிடுங்கள். என்ஜின் குளிர்ந்த நிலையில் சோதிக்கட்டும். சூடான என்ஜினில் சோதித்துவிட்டு “கசிவே இல்லை” என்று சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். புகை போய்க்கொண்டிருக்கும்போதே அந்த ரப்பர் குழாயை அசைத்துக் காட்டவும் சொல்லுங்கள்.

சிலர் ஓடும் என்ஜினில் கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சி, ஆர்.பி.எம். மாறும் இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். பலன் தரும் முறைதான். ஆனால் அது எளிதில் தீப்பற்றும் திரவம், பக்கத்திலேயே எக்ஸாஸ்ட் கொதித்துக்கொண்டிருக்கும். வீட்டில் நீங்களோ உங்கள் கணவரோ இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

இன்டேக்கில் ஒன்றும் அகப்படவில்லை என்றால், ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட்டில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வெளிக்காற்று அந்த வழியாக உள்ளே புகுந்தால் சென்சார் அதையும் ‘மிச்ச ஆக்ஸிஜன்’ என்றே எடுத்துக்கொள்ளும். இது பொய்யான லீன், ஈ.சி.யூ. ஏமாந்து பெட்ரோலைக் கூட்டக் கூட்ட மிக்சர் உண்மையில் ரிச்சாகி (பெட்ரோல் அதிகமாகி), பிளக்கெல்லாம் கரி படிந்துவிடும். குளிர்ந்த என்ஜினில் “டிக் டிக்” என்று சத்தம் வந்து, சூடேறியதும் மறைவது இதன் அடையாளம். கழற்றிய பழைய பிளக்குகளைப் பார்த்தால் ஒரு துப்புக் கிடைக்கும். வெளுத்திருந்தால் லீன், கரி பிடித்திருந்தால் ரிச். எறிந்துவிட்டாரா என்று கேளுங்கள்.

பழைய பாகங்களைத் திருப்பிக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். பழைய ஆக்ஸிஜன் சென்சார் இருந்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அது நல்லதாகவே இருக்கும். காரில் பொருத்திய மின் பாகங்களைக் கடைக்காரர்கள் திருப்பி எடுப்பது அரிது, ஆகவே அந்தப் பணம் வரும் என்று நம்ப வேண்டாம். சோதிக்காமல் மாற்றியதால், அடுத்த வேலையின் கூலியில் குறைத்துக்கொள்ளும்படி மெக்கானிக்கிடம் நிதானமாகக் கேட்டுப் பார்க்கலாம். நியாயமானவர் என்றால் குறைப்பார். இனிமேல் எந்தப் பாகமானாலும் “இது கெட்டது என்று எந்தச் சோதனையில் தெரிந்தது?” என்ற கேள்விக்குப் பதிலும், செலவு எவ்வளவு என்ற விவரமும் எழுத்தில் வந்த பிறகே சரி சொல்லுங்கள். பம்ப்தான் என்று மறுபடி சொன்னால், ஃப்யூயல் லைனில் கேஜ் மாட்டி அழுத்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். மேனிஃபோல்டுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் சாதாரண இன்ஜெக்ஷன் என்ஜின்களில் அது பொதுவாக 3 முதல் 4 பார் வரை இருக்கும். உங்கள் காருக்கான சரியான எண் அதன் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். எண் சரியாக இருந்தால் பம்ப் பேச்சு அதோடு முடிந்தது.

அதுவரை ஓட்டலாமா?

பிரேக் சோதனை சரியாக வந்து, விளக்கு சீராக எரிந்துகொண்டிருந்தால், ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகும் அளவுக்கு மெதுவாக ஓட்டலாம். ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு மேட்டில் முழு ஆக்சிலரேட்டர் கொடுப்பது வேண்டாம். லீன் மிக்சரால் பிஸ்டனும் வால்வும் கருகும் என்று பயமுறுத்துவார்கள். அது பொய்யில்லை, ஆனால் அது பெரும்பாலும் அதிக லோடில் பெட்ரோல் போதாமல் போகும்போது நடப்பது. உங்கள் குறை ஐடிலிங்கில் இருப்பதால் என்ஜின் இன்று நாளைக்குள் கெட்டுவிடாது.

எனக்குக் கவலை தருவது சிக்னலில் நின்றுபோனதுதான். என்ஜின் நின்றால் பவர் ஸ்டீயரிங் இறுகிவிடலாம். பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் ஓரிரு முறை பிரேக் மிதிக்கத்தான் வரும், அதற்குமேல் பலம் கொண்டு அழுத்த வேண்டும். அப்படி நடந்தால் பெடலை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்திக் காரை நிறுத்துங்கள். கசிவு சரியாகும் வரை பிள்ளைகளை வேறு வழியில் பள்ளிக்கு அனுப்பிவிடுங்கள்.

விளக்கு சிமிட்ட ஆரம்பித்தால் கதை வேறு. மிஸ்ஸிங் கடுமையாகி, எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேடலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது என்று அர்த்தம். கன்வெர்ட்டர் உருகினால், நீங்கள் இதுவரை செலவழித்ததெல்லாம் சில்லறையாகத் தெரியும். ஓரமாக நிறுத்தி அணைத்துவிடுங்கள்.

அடிட்டிவ் பாட்டில் தீமை செய்யாது. ஆனால் ரப்பர் குழாயின் கிழிசலைப் பெட்ரோலில் ஊற்றும் எதுவும் ஒட்ட முடியாது. கோடை அழிப்பதில்தான் நஷ்டம் உண்டு: கோடு விழுந்த நேரத்தில் ஈ.சி.யூ. பதிவு செய்து வைத்த ஃப்ரீஸ் ஃப்ரேம் விவரங்களும் அதோடு போய்விடும். உங்கள் தாளில் அது இன்னும் இருக்கிறது. கார் நின்ற நிலை, 780 ஆர்.பி.எம்., கூலன்ட் வெப்பம் 58 டிகிரி. அதாவது என்ஜின் முழுசாகச் சூடேறும் முன், ஐடிலிங்கில் கோடு விழுந்திருக்கிறது. உங்கள் அனுபவத்தையும் ட்ரிம் கணக்கையும் மூன்றாவது சாட்சியாக வந்து உறுதி செய்யும் வரி அது. கணவரிடம் காட்டுங்கள்.

காரை விற்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு ரப்பர் குழாய்க்கோ கேஸ்கெட்டுக்கோ பயந்து விற்க வேண்டாம். விற்கத்தான் வேண்டுமென்றாலும் சரிசெய்துவிட்டு விற்றால் நல்ல விலை வரும். கோடை அழித்துவிட்டு விற்பது வாங்குபவரை ஏமாற்றுவது. அதோடு, விவரமானவர் ஸ்கேனர் வைத்துப் பார்த்தால், ஈ.சி.யூ. தானாகவே செய்துகொள்ளும் உள்சோதனைகள் இன்னும் முடியாத நிலையில் இருப்பதே சமீபத்தில் அழித்ததைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வேலை முடிந்ததும் கோடை அழிக்கச் சொல்லுங்கள், இப்போது அழிப்பதில் தவறில்லை. நாலைந்து நாள் வழக்கம்போல ஓட்டிவிட்டு அதே ஸ்கேனரில் அதே இரண்டு நிலைகளில் ட்ரிம்மைப் பாருங்கள், ஐடிலிங்கில் ஒன்று, 2,500 ஆர்.பி.எம்.மில் ஒன்று. ஐடிலிங்கில் 25 இருந்தது 5-ஐ ஒட்டி வந்துவிட்டால் கசிவு அடைபட்டது. எத்தனால் கலந்த பெட்ரோல் போடுகிறீர்கள் என்றால், அதற்கென்று அமைக்காத என்ஜினில் 10 சதவீதக் கலப்புக்கே 3, 4 சதவீதம் ட்ரிம் கூடுதலாகக் காட்டும்; அதைக் கண்டு பதற வேண்டாம். மாசுச் சான்றிதழுக்கான புகைப் பரிசோதனை நாள் நெருங்கியிருந்தால், கோடு அழித்த கையோடு போகாதீர்கள். உள்சோதனைகள் எல்லாம் முடிந்துவிட்டதாக ஸ்கேனர் காட்டிய பிறகு போங்கள். விளக்கு மறுபடி வந்தால் பழைய தாளையும் புதுத் தாளையும் சேர்த்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.